ஆள்காட்டிக்குக் கிடைத்த அல்லிப் பரிசு

நாணற்குளத்து ஆமை அந்த ஆண்டின் அல்லிப் பரிசு யாருக்கு என்று அறிவித்தது. அறிவித்துவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதற்குள் மீன்கொத்தி தன் கருத்தைச் சொல்லி முடித்துவிட்டது.

“போயும் போயும் அவளுக்கா!”

மீன்கொத்தியின் பெயர் கூரலகன். பரிசு பெற்றது நெடுங்காலி என்னும் ஆள்காட்டிக் குருவி. கரையில் நடந்தே திரிகிற பறவை அது. ஆள் வந்தாலும் கத்தும், நரி வந்தாலும் கத்தும், நிழல் அசைந்தாலும் கத்தும்.

“கத்துவதற்குப் பரிசு என்றால் எனக்கு மூன்று தர வேண்டும்!” என்றது மைனா.

“எங்களுக்கு?” என்று தவளைகள் ஒரே குரலில் கேட்டன.

அல்லிப் பரிசு லேசுப்பட்டதில்லை. ஓர் ஆண்டில் குளத்தாருக்குச் சொல்லப்பட்ட செய்திகளில் எது சிறந்ததோ, அதைச் சொன்னவர் தலையில் வெள்ளை அல்லிப்பூ ஒன்றை வைப்பார்கள். நடுவர்கள் மூவர். ஆமை எல்லாவற்றையும் முழுதாகக் கேட்கும். கொக்கு கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். மீன் தட்டுப்பட்டால் மட்டும் திறக்கும். ஆந்தை பகலில் தூங்கிவிடும். தூக்கத்தில் அதன் தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதையே அதன் முடிவாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

கூரலகனும் போட்டியில் இருந்தது. ‘காலை வெயிலில் கெண்டை துள்ளும் அழகு’ என்பது அது சொன்ன செய்தி. சொல்லி முடிக்க அரை நாள் பிடித்தது. அதற்கு இரண்டாம் இடம். போன ஆண்டும் இரண்டாம் இடம். அதற்கு முந்தின ஆண்டும் அப்படியே.

“மூன்று தடவை!” என்று கூரலகன் வேலமரக் கிளையில் அலகைத் தீட்டியது. “மூன்று தடவையும் ஒரு மயிரிழையில்!”

ஆனாலும் அதற்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. அதுதான் வாய்க்கட்டு.

சில ஆண்டுகளுக்கு முன் பரிசு வாங்கிய மயில், அந்தச் செய்தியைத் தான் எப்படிச் சொன்னது, சொல்லும்போது தோகை எப்படி இருந்தது என்று ஒரு மாதம் ஓயாமல் பேசியது. தாங்க முடியாமல் தவளைகள் பக்கத்துக் குளத்துக்குக் குடிபோய்விட்டன. அவர்களைத் திரும்பக் கூட்டிவருவதற்காக ஒரு விதி செய்தார்கள். பரிசு பெற்றவர் ஏழு நாள் குளத்தோரப் பாறையில் உட்கார வேண்டும். இரை தேட, தண்ணீர் குடிக்க இறங்கலாம். வாய் மட்டும் திறக்கக் கூடாது. மற்றவர்கள் வந்து புகழலாம், திட்டலாம், ஆலோசனை சொல்லலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பொறுக்காமல் ஒரு வார்த்தை பேசிவிட்டால் பரிசு இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

இரண்டாம் இடத்தில் இருந்தது கூரலகன்.

‘கத்துவதே தொழிலாகக் கொண்டவள்’ என்று கூரலகன் நினைத்தது. ‘ஏழு நாள் எங்கே தாங்கப் போகிறாள்? நன்றாகக் கிளறிவிட்டால் இரண்டாம் நாளே கத்துவாள்!’

மறுநாள் காலை பாறையைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. பருவத்தின் முதல் மழை முந்தின நாள்தான் பெய்து ஓய்ந்திருந்தது. எல்லாரும் உற்சாகமாக இருந்தார்கள். நெடுங்காலி தலையில் அல்லிப்பூவோடு, ஒற்றைக் காலில், பேசாமல் நின்றது.

“அருமையான தேர்வு!” என்றது அணில். “சாமானியர்களுக்குக் கிடைத்த வெற்றி!”

“எது சாமானியம்? அவள் மாமியார் வழியில் நம் கொக்கு நடுவருக்கு உறவு, தெரியுமோ?” என்றது மைனா.

“கொக்குக்கும் ஆள்காட்டிக்கும் எப்படியம்மா உறவு வரும்?”

“இரண்டுக்கும் கால் நீளம். பார்த்தாலே தெரியவில்லையா?”

கூட்டம் சிரித்தது. கூரலகன் பாறைக்கு நேர்மேலே ஒரு கிளையில் வந்து அமர்ந்தது.

“நெடுங்காலி! உன் செய்தியில் ஓர் உவமை உண்டா? ஓர் எதுகை உண்டா? மோனையாவது உண்டா? ஏதோ வளை வளை என்று சொன்னாயாமே! அது செய்தியா, இல்லை கணக்கெடுப்பா?”

நெடுங்காலி நிமிர்ந்து கூரலகனை ஒரு பார்வை பார்த்தது. அலகு லேசாகத் திறந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. பிறகு அலகு மூடிக்கொண்டது.

“சே!” என்றது கூரலகன்.

ஒரு சின்னத் தவளை கேட்டது: “கூரலகன் மாமா, நீங்கள் அவள் செய்தியைக் கேட்டீர்களா?”

“கேட்டால்தான் தெரியுமா? அவள் குரலைத்தான் தினமும் கேட்கிறோமே! தொடங்கியதுமே எழுந்து போய்விட்டேன். ஏன், நீ கேட்டாயா?”

“இல்லை. அம்மா கேட்டாளாம்.”

“நான் எங்கே கேட்டேன்? அணில் சொன்னதைத்தான் சொன்னேன்” என்றது அம்மாத் தவளை.

“எனக்கு மைனா சொன்னது” என்றது அணில்.

“பரிசு கொடுத்திருக்கிறார்கள், கேட்காமலா கொடுத்திருப்பார்கள்?” என்றது மைனா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று மாலை கூரலகன் கூட்டுக்குத் திரும்பியது. மரக்கிளையில் கூடு கட்டுகிற இனமில்லை அது. கிழக்குக் கரையில், வேலமரத்துக்கும் நாணல் புதருக்கும் நடுவில், கரைமண்ணைக் குடைந்து செய்த நீண்ட பொந்துதான் அதன் வீடு. உள்ளே நான்கு குஞ்சுகள். இறகு முளைத்துவிட்டது, இன்னும் பறக்கவில்லை. அவற்றோடு இருந்தது கூரலகனின் மனைவி நீலமணி.

“என்னங்க, அந்த ஆள்காட்டி அப்படி என்னதான் சொன்னாளாம்? குளமே அதைத்தானே பேசுகிறது!”

“அதெல்லாம் ஒன்றுமில்லை. ஏதோ நண்டு வளையாம்.”

“எந்தப் பக்கத்து வளை?”

“எந்தப் பக்கமாக இருந்தால் என்ன? அவளுக்குப் பரிசு கொடுத்தது சரியா, இல்லையா? அதைச் சொல்!”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லையே” என்றது நீலமணி. பிறகு ஒரு குஞ்சைத் தள்ளி உட்கார வைத்தது. “இந்தப் பின்சுவர் இரண்டு நாளாக ஈரமாக இருக்கிறது, பாருங்கள்.”

“மழை பெய்தால் ஈரமாகத்தான் இருக்கும்!” என்று சொல்லிவிட்டுக் கூரலகன் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அது நீலமணியிடம் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. போட்டிக்கு முன்பு, நீலமணி மீன் பிடிக்கப் போயிருந்த சமயங்களில், நெடுங்காலி இரண்டு தடவை இந்தப் பொந்து வாசலுக்கு வந்தது. “வீட்டில் யார்? ஒரு வார்த்தை பேச வேண்டும்!” என்று கூப்பிட்டது. ‘பரிசுக்கு ஆதரவு கேட்டு வந்திருக்கிறாள்! போட்டியில் இருப்பவனிடமே கேட்கிற துணிச்சலைப் பார்!’ என்று கூரலகன் நினைத்தது. குஞ்சுகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, வீட்டில் இல்லாததுபோல் உள்ளேயே பதுங்கியிருந்தது. நெடுங்காலி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் கூரலகன் விடிந்ததும் பாறைக்குப் போனது. நெடுங்காலியின் நடையைக் கேலி செய்தது. அதன் மஞ்சள் காலைக் கேலி செய்தது. கண்ணருகே தொங்கும் சிவப்புத் தோலைப் பார்த்து, “பரிசுக்கென்று பூசிக்கொண்ட பொட்டோ?” என்று கேட்டது. தவளைகள் ஒவ்வொன்றுக்கும் ஓகோவென்று சிரித்தன. நெடுங்காலி மட்டும் வாய் திறக்கவில்லை.

“நீங்கள் தப்பான இடத்தில் குத்துகிறீர்கள்” என்றது மைனா. “காலையும் தோலையும் சொன்னால் அவளுக்கு உறைக்காது. அவள் சொன்ன செய்தியில் ஒரு பொய்யைக் கண்டுபிடியுங்கள். ‘இத்தனை வளை என்றாயே, ஒன்று குறைகிறதே’ என்று சொல்லிப் பாருங்கள். துள்ளிக் குதித்துச் சண்டைக்கு வருவாள்!”

கூரலகனுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் செய்தியில் பொய் கண்டுபிடிக்க வேண்டுமானால் செய்தி தெரிய வேண்டும். ஐந்தாம் நாள் காலை, வேறு வழியில்லாமல், அது ஆமையைத் தேடிப் போனது. கிழக்கே வானம் கறுத்திருந்தது.

“ஆமையாரே, அந்த ஆள்காட்டியின் செய்தியை ஒருமுறை சொல்ல முடியுமா? சும்மா ஒரு ஆராய்ச்சிக்காக.”

ஆமை மெதுவாகத் தலையை வெளியே நீட்டியது. “ஆச்சரியம்! பரிசு அறிவித்து ஐந்து நாள் ஆகிறது. செய்தி என்ன என்று கேட்டு வந்த முதல் ஆள் நீதான்.”

“பாறையில் இத்தனை கூட்டம் இருக்கிறதே!”

“அங்கே எல்லாரும் பேச வந்திருக்கிறார்கள் அப்பா” என்ற ஆமை, தொண்டையைச் சரிசெய்துகொண்டது. கேட்டதை ஓர் எழுத்துக்கூட மறக்காத ஆமை அது.

“‘நாற்பது நாள் நடந்து பார்த்தேன். நான்கு கரையிலும் உள்ள ஒவ்வொரு வளைக்குள்ளும் காலை விட்டுப் பார்த்தேன். மூன்று கரைகள் உறுதி. கிழக்குக் கரையில் நண்டு வளை பதினேழு.’”

“பதினேழு!” என்று கூரலகன் மனதில் குறித்துக்கொண்டது. “உம், மேலே!”

“‘அவற்றில் மூன்று உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. முதல் மழையில் மண் ஊறும். இரண்டாம் மழையில் குளத்துத் தண்ணீர் அந்த வழியாக மறுபக்கம் போகும். கரை உடையும்.’”

கூரலகனின் அலகு கொஞ்சம் தொங்கியது. “கிழக்குக் கரையில் எங்கே?”

“குறுக்கே பேசாதே. அதுதான் அடுத்த வரி. ‘இடம், வேலமரத்துக்கும் நாணல் புதருக்கும் நடுவில். அங்கே ஒரு பறவைக் குடும்பம் குடியிருக்கிறது. இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன், ஆள் இல்லை. அவர்களை அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். முதல் மழைக்கும் இரண்டாம் மழைக்கும் நடுவில் அவர்கள் கிளம்பிவிட வேண்டும்.’ அவ்வளவுதான் செய்தி. உவமை இல்லை, எதுகை இல்லை. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.”

“ஆமையாரே!” என்று கூரலகன் அலறியது. “அந்தக் குடும்பம் நான்தான்! இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

ஆமை திகைத்தது. “நீ அங்கேதான் குடியிருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கரையேறவே அரை நாள் ஆகும். அதுவும் போக, நாலு நாளாக நீதானே அந்தச் செய்தியைப் பற்றி ஊரைக்கூட்டிப் பேசிக்கொண்டிருந்தாய்!”

ஒரு பெரிய துளி ஆமையின் ஓட்டில் டொக்கென்று விழுந்தது.

கூரலகன் பறந்தது. நேராகக் கூட்டுக்குத்தான் பறந்தது. ஆனால் பாறை வழியில் இருந்தது. சேர்ந்துபோன அந்த மூன்று வளைகளும் தன் பொந்துக்கு எந்தப் பக்கம்? எந்த வழியாகக் குஞ்சுகளை வெளியேற்றுவது? அதைத் தெரிந்தவள் ஒருத்திதான். கூரலகன் பாறையில் தடாலென்று இறங்கியது.

“நெடுங்காலி! அந்த மூன்று வளை எங்கே? என் பொந்து அங்கேதான் இருக்கிறது! குஞ்சுகள் உள்ளே இருக்கின்றன!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. “ஆகா, என்ன நடிப்பு!” என்றது மைனா. “வாய் திறக்க வைக்க இதைவிட நல்ல தந்திரம் கிடையாது! திறக்காதே நெடுங்காலி! இன்னும் இரண்டே நாள்!”

நெடுங்காலி கூரலகனைப் பார்த்தது. நாலு நாளாகத் தன்னைக் கிண்டியவன், தான் பேசினால் பரிசை அடையப் போகிறவன். மைனா சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் கூரலகனின் கழுத்து இறகு குத்திட்டு நின்றது. பறவைக்குப் பயம் வந்தால் அப்படித்தான் நிற்கும். அதை நடிக்க முடியாது. ஆள்காட்டிக்கு அது தெரியும்.

“உன் பொந்துக்குக் கீழே, இடது கைப்பக்கம்!” என்று நெடுங்காலி உரக்கக் கத்தியது. “இன்னுமா அங்கே இருக்கிறீர்கள்? ஊரே என் செய்தியைப் பேசுகிறது, அப்படியானால் ஊரே அதைக் கேட்டிருக்கும் என்றுதானே நினைத்தேன்! வலது பக்கமாகக் குஞ்சுகளை வெளியே எடு! நாணல் பக்கம் விடாதே, வேலமரத்துப் பக்கம் விடு! போ, போ, போ!”

“பேசிவிட்டாள்!” என்று அணில் கத்தியது.

“பேசிவிட்டாள்! பேசிவிட்டாள்!” என்று தவளைகள் கத்தின.

“எத்தனை வார்த்தை என்று யாராவது எண்ணினீர்களா?” என்றது கொக்கு, கண்ணைத் திறந்து.

என்ன பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை. நெடுங்காலி தலையை ஓர் உதறு உதறியது. அல்லிப்பூ தண்ணீரில் விழுந்தது. அதுவும் கூரலகனின் பின்னாலேயே பறந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கூரலகன் பொந்து வாசலை அடைந்தபோது, பின்சுவரிலிருந்து தண்ணீர் நூலாக வழிந்துகொண்டிருந்தது. நீலமணி நான்கு குஞ்சுகளையும் வாசல் பக்கம் நெருக்கித் தள்ளியிருந்தது.

“கிளம்பு! கரை உடையப்போகிறது!”

“யார் சொன்னது?”

“நெடுங்காலி!”

“என்றைக்குச் சொன்னாள்?”

“முதலில் வெளியே வாருங்கள்!” என்றது கூரலகன்.

குஞ்சுகள் வெளியே எட்டிப் பார்த்தன. மழையைப் பார்த்துப் பின்வாங்கின. இதுவரை ஒரு சிறகடிகூட அடித்ததில்லை. கூரலகன் கெஞ்சியது, அதட்டியது. அரை நாள் பேசத் தெரிந்த வாய்க்கு இப்போது ஒரு வார்த்தையும் உதவவில்லை. நீலமணி சட்டென்று கீழே பாய்ந்து ஒரு மீனைக் கவ்வி வந்தது. வேலமரக் கிளையில் உட்கார்ந்து அதை ஆட்டிக் காட்டியது. காலையிலிருந்து இரை காணாத குஞ்சுகள். மூத்தது தாவியது, தத்தித் தடுமாறி மரம் சேர்ந்தது. இரண்டாவது தாவியது. மூன்றாவதைக் கூரலகன் பின்னாலிருந்து முட்டித் தள்ளியது.

நான்காவது, கடைக்குட்டி, வாசலிலேயே ஒட்டிக்கொண்டது. அப்போது கரை பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கூரலகனின் காலடியில் மண் நழுவியது. குஞ்சும் மண்ணும் சேர்ந்து நாணல் பக்கம் சரிந்தன. குளத்துத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் சுழித்து ஓடத் தொடங்கியிருந்தது.

நெடுங்காலி ஏற்கெனவே தண்ணீரில் இறங்கி நின்றது. நீளக் காலை ஊன்றிக்கொண்டு, மிதந்துவந்த குஞ்சைச் சிறகால் தடுத்தது. பிறகு அலகால் உந்தி உந்தி, ஒரு நாணல் வேருக்குத் தள்ளி, அங்கிருந்து மேட்டுக்கு ஏற்றியது. குஞ்சு தும்மியது. நெடுங்காலியும் குஞ்சும் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, கூரலகனின் பொந்து இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பழுப்புத் தண்ணீர் மறுபக்கத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

பாதிக் குளம் வடிந்த பிறகுதான் மழை நின்றது. தவளைகளின் தலைப்பிரட்டைகள் தண்ணீரோடு போய்விட்டன. மீன்கள் பாதிக்குமேல் போய்விட்டன. கொக்குக்கு இரண்டு நாள் சேற்றில் விருந்து. மூன்றாம் நாள் பட்டினி.

நான்காம் நாள் கூட்டம் கூடியது. உடைந்த கரையைப் பற்றிப் பேசத்தான் கூடுகிறார்கள் என்று கூரலகன் நினைத்தது. கொக்குதான் முதலில் பேசியது.

“வாய்க்கட்டு மீறப்பட்டிருக்கிறது. ஐந்தாம் நாளில், முப்பத்திரண்டு வார்த்தைகள். எனவே நெடுங்காலியின் பரிசு பறிக்கப்படுகிறது. இவ்வாண்டின் அல்லிப் பரிசு, இரண்டாம் இடத்திலிருந்த கூரலகனுக்கு!”

ஆந்தையின் தலை கூரலகன் பக்கம் சாய்ந்தது.

“மூவரில் இருவர்” என்றது கொக்கு. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

“இதுதான் நியாயம்!” என்றது மைனா. “கரை எப்படியும் உடைந்துதானே போனது? அப்புறம் அவள் செய்தியால் என்ன பயன்?”

“வாழ்க கூரலகன்!” என்றன தவளைகள்.

மூன்று ஆண்டு காத்திருந்த பூ கூரலகனின் கண்ணெதிரே இருந்தது. வெள்ளையாக, புதிதாக, தண்ணீர் சொட்டச் சொட்ட. கூரலகன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. ஆசை இல்லை என்று சொல்ல முடியாது.

“இதை வாங்கினால் நான் ஏழு நாள் பாறையில் வாய்மூடி உட்கார வேண்டும், இல்லையா?” என்று கேட்டது.

“விதி அதுதான்.”

“எனக்கு நேரமில்லை. நெடுங்காலி அக்கா இன்று காலையிலிருந்து மேற்குக் கரையில் நடக்கிறாள். ஆறு வளை பார்த்திருக்கிறாளாம். எங்கே என்று கேட்க வேண்டும். என் வீட்டுக்காரியும் குஞ்சுகளும் இப்போது அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.”

சொல்லிவிட்டுக் கூரலகன் பறந்துபோனது.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

“பரிசை மறுப்பதா? என்ன தலைக்கனம்!”

“தலைக்கனமில்லை, இது ஒரு விளம்பரம்! அடுத்த ஆண்டு பாருங்கள்!”

“எனக்கு என்னவோ அவன் மறுத்தது சரியென்றுதான் படுகிறது!”

“நீ எதைத்தான் தப்பு என்றாய்?”

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அம்மாத் தவளை மட்டும் பேசவில்லை. அது தலைப்பிரட்டைகளைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த தவளை. பக்கத்தில் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஆமையின் அருகே ஒரு நிமிடம் நின்று, மேற்குக் கரைக்கு எந்த வழி என்று கேட்டுக்கொண்டது. பிறகு கூரலகன் போன திசையில் தத்தித் தத்திப் போனது.

பரிசு யாருக்குத் தகும் என்று பேசத் தொடங்குவதற்கு முன், பரிசு பெற்றவர் என்ன சொன்னார் என்பதை ஒருமுறையாவது காதுகொடுத்துக் கேட்டுவிட வேண்டும்.